நட்சத்திரம் போட்ட வினைச்சொல்

செக் நாட்டின் மொராவிய மலைச்சரிவில், பழைய மாவுமில் ஒன்றில் எட்டுப் பேர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றையும் பெற்ற மூலமொழியின் அகராதி. அந்த மொழியை எழுத்தில் கண்டவர் யாருமில்லை. பிள்ளைகளின் சாயலைப் பார்த்துத் தாயின் முகத்தை ஊகிக்கிற வேலை அது. ஊகித்த சொல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். இதை யாரும் பார்த்ததில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவர்களில் ராதிமுக்கு வாய்த்த சொல் 'பெக்தி'. ரொட்டி சுடுவது என்று பொருள். பதினோரு வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுதான். ரஷ்யரின் 'பேச்', செர்பியரின் 'பெச்சி', பல்கேரியரின் 'பெக்கா' எல்லாம் அதன் பிள்ளைகள். நாம் சொல்லும் 'பக்குவம்'கூட வடமொழி வழியாக வந்த தூரத்துச் சொந்தம்தான். பிள்ளைகளைப் பற்றி எழுதி முடித்துவிட்டான். பிறப்பைப் பற்றிய முதல் வரிதான் வரவில்லை.

“ஆசானே, தாய்க்கும் ஒரு தாய், அவளுக்கும் ஒரு தாய். எல்லார் தலையிலும் நட்சத்திரம். இல்லாத ஒன்றுக்கு என் ஆயுளைக் கொடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. நாளைக்கு அச்சுக்குப் போகவேண்டும்” என்றான் ராதிம்.

அகராதிக் குழுவின் தலைவரான ஆசான் போகுமில் பேனாவைத் துடைத்தார்.

“நீ இன்னும் ரொட்டி சுடவில்லையே.”

அந்த வீட்டின் வழக்கம் அப்படி. ஒரு வினைச்சொல் அச்சேறுமுன், எழுதியவர் அந்த வேலையை ஒரு நாள் செய்தாக வேண்டும். 'உழு' எழுதியவர் உழுதார். 'நீந்து' எழுதிய அம்மாள் ஜலதோஷத்தோடு திரும்பினார். ராதிம் மட்டும் நேரமில்லை என்று தட்டிக்கழித்து வந்தான்.

இனித் தப்பிக்க முடியாது. மாவு பிசைந்து அடுப்பில் வைத்தான். வைத்த கையோடு ஏதோ ஓர் உயிரெழுத்தில் சந்தேகம் வர, குறிப்பேட்டைப் பிரித்தான். நிமிர்ந்தபோது வீடெங்கும் புகை. எட்டுப் பேரின் மதியச் சாப்பாடு கரிக்கட்டையாகிக் கிடந்தது. சுடுவதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவன் சுட்ட லட்சணம் அது.

யாரும் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

மறுபடி பிசைந்தான். இந்த முறை அடுப்பை விட்டு நகரவில்லை. மணி மூன்றைத் தாண்டியது. வாசனை கிளம்பியதும் ஒவ்வொருவராக வந்து அடுப்பைச் சுற்றி நின்றார்கள்.

“ஆயிற்றா?” என்றார் நீந்திய அம்மாள்.

“இன்னும் கொஞ்சம்.”

அவனுக்கும் வயிறு ஒட்டிப்போயிருந்தது. எல்லாருக்கும் கடைசியாக ஆசான் வந்து நின்றார்.

“ஆசானே, இப்போதாவது சொல்லுங்கள். அந்தச் சொல் பிறப்பதற்கு முன்னால் என்னதான் இருந்தது?”

ஆசான் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார்.

“நாலு பேர் இப்படிப் பசியோடு நின்றார்கள்.”