மூணு வாசலும் ஒரு சட்டிக் கஷாயமும்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வச்சு முடிக்காத காலத்திலே, தூறல்மங்கலம்னு ஒரு ராஜ்யம் இருந்துச்சு. அங்கே மூணு வருஷமா வெயிலே கிடையாது. துணி காயாது, விறகு காயாது, மூக்கும் காயாது. ராஜா தும்முவார், மந்திரி தும்முவார், தீர்ப்புச் சொல்ற நேரத்திலே திருடனும் சேர்ந்து தும்முவான். சிரிக்காதீங்க, பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

எல்லாத்துக்கும் காரணம், மலை உச்சியிலே இருந்த குளிராண்டான்கிற மந்திரவாதி. அவனுக்குத் தீராத ஜலதோஷம். ஒரு தும்மு தும்மினா ஒரு மழைமேகம் கிளம்பும். கோபத்திலே தும்மினானோ, எதிரிலே நிக்கிற ஆள் தவளையாயிடுவான்.

அந்த ஊரிலே சிலம்பாயின்னு ஒருத்தி. ஊருக்கே கஷாயம் போட்டுக் கொடுக்கிறவ. சுக்கு தட்டி, மிளகும் திப்பிலியும் பொடிச்சு, துளசியும் ஆடாதொடையும் கிள்ளிப் போட்டு, எட்டுப் பங்கு தண்ணி ஒரு பங்கா வத்துற வரைக்கும் அடுப்பு ஊதணும். அதுவும் ஈர விறகை வச்சுக்கிட்டு. ஊதி ஊதி அவளுக்குக் கன்னம் ஒட்டிப்போச்சு. சிலம்பாயி, குழந்தைக்கு இருமல். சிலம்பாயி, அப்பாவுக்குக் காய்ச்சல். சிலம்பாயி, ராஜாவுக்கு மூக்கடைப்பு. கதவு தட்டுற சத்தம் கேட்டாலே அவளுக்கு அழுகை வரும். ஆனாலும் எழுந்து போய்த் திறப்பா.

உடம்பு அலுப்புகூடப் பரவாயில்லை. மனசிலே ஒண்ணு கிடந்து அரிச்சுது. போன வருஷம் அவ புருஷன், விறகுவெட்டி சடையன், அவ போட்ட கஷாயத்தைத்தான் மந்திரவாதிக்கு எடுத்துக்கிட்டு மலையேறினான். மந்திரவாதி குடிச்சான், குணமாகலை, தும்மினான். சடையன் வீடு திரும்பலை. எதைக் குறைச்சேன்? சுக்கையா, மிளகையா? ஒரு கொதி முன்னாடியே இறக்கிட்டேனா? என் கைப்பக்குவம்தானே அவரைத் தவளையாக்கிடுச்சுன்னு அவ வெந்து போனா.

ஒருநாள் பொறுக்கமாட்டாம, கஷாயச் சட்டியைத் துணியிலே கட்டி, மிச்ச சரக்கை மடியிலே முடிஞ்சு, தானே மலையேறிட்டா. மந்திரவாதிக்குக் குணமானா அவர் கிடைப்பார். இல்லேன்னா நானும் தவளையாகிறேன், தவளைக்கு அடுப்பு ஊதுற வேலையாவது கிடையாதேன்னு நினைச்சுக்கிட்டா.

கோட்டைக்கு மூணு வாசல். முதல் வாசல்லே ஆந்தை. எசமான் யாரையும் நம்பமாட்டார், விஷம் இருக்கான்னு பார்க்கணும்னு சொல்லி, ஒரு வாய் குடிச்சுது, ஒரு நாழிகை உட்கார்ந்து பார்த்துச்சு. "சாகலை. போகலாம்"னுச்சு.

இரண்டாம் வாசல்லே குரங்கு. ஒரு வாய் குடிச்சுது, ஒரு நாழிகை உட்கார்ந்து பார்த்துச்சு. "சாகலை. போகலாம்."

மூணாம் வாசல்லே உடும்பு. அதுவும் ஒரு வாய் குடிச்சுது, உட்கார்ந்துச்சு. சிலம்பாயிக்குக் கால் கடுத்துப்போய், சட்டியை அணைச்சுக்கிட்டு சுவர்லே சாஞ்சா. அப்பத்தான் சட்டி ஜில்லுன்னு இருக்கிறது கைக்குத் தெரிஞ்சுது. போன வருஷம் வந்த விறகுவெட்டியும் இப்படித்தான் நின்னாரான்னு கேட்டா. இதே இடத்திலேதான், இதே மாதிரி ஒரு நாழிகைன்னு உடும்பு சொல்லுச்சு.

அட பாவிகளா. இதுக்கா நான் ஒரு வருஷம் என்னையே தின்னேன்?

கஷாயத்தைக் கீழே ஊத்தினா. வெறும் சட்டியைக் காட்டி, இதிலே குடிச்சுப் பார்க்க என்ன இருக்குன்னு கேட்டா. உடும்பு எட்டிப் பார்த்துச்சு. ஒண்ணுமில்லை. வழி விட்டுடுச்சு.

உள்ளே குளிராண்டான் ஏழு கம்பளிக்குள்ளே சுருண்டு கிடந்தான், மூக்கு கோவைப்பழமாட்டம். பக்கத்துத் தொட்டி நிறையத் தவளைங்க. மருந்து எங்கேன்னு உறுமினான். இனிமேதான் போடணும்னு சொல்லிட்டு, அவன் கூடத்திலேயே மூணு கல்லைக் கூட்டி அடுப்பைப் பத்தவச்சா சிலம்பாயி. அவனோ தும்மலை அடக்கிக்கிட்டே புலம்பினான். ஒருத்தனைத் தவளையாக்க ஒரு தும்மு போதுமாம். மறுபடி மனுஷனாக்கணும்னா மூக்காலே மூணு தரம் முழு மூச்சு இழுத்து விடணுமாம். மூக்கு திறந்தாத்தானே.

எட்டுப் பங்கு ஒரு பங்காச்சு. கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, ரெண்டு கிண்ணத்திலே ஊத்தி, ஒண்ணை அவன் பார்க்கத் தானே குடிச்சா. ஊருக்கெல்லாம் கொடுத்தவ, இந்த மூணு வருஷத்திலே தனக்குன்னு ஒரு கிண்ணம் குடிச்சதில்லை. நெஞ்சு இளகுச்சு, கண்ணிலே தண்ணி வந்துச்சு.

மந்திரவாதி மணற்கடிகாரத்தை எடுத்தான். ஒரு நாழிகை பார்க்கணுமாம்.

"நாழிகை பார்த்தா ஆறிப்போகும் ஐயா. ஆறிட்டா இது வெறும் கசப்புத் தண்ணி. நம்பினா இப்பவே குடிங்க, நம்பலேன்னா தும்மிடுங்க. என் புருஷன் அந்தத் தொட்டியிலே இருக்கார். எப்படியும் அவர்கிட்டத்தான் போவேன். ரொம்ப அலுத்துப்போச்சு எனக்கு."

குளிராண்டான் அவ முகத்தைப் பார்த்தான். ஏமாத்துறதுக்குக்கூடத் தெம்பில்லாத முகம். கிண்ணத்தை எடுத்தான், ஊதினான், குடிச்சான். வேர்வை கொட்டுச்சு. ஒரு மூக்குத் துவாரம் திறந்துச்சு, அடுத்ததும் திறந்துச்சு. துளசி வாசனைன்னு சொல்லிக் குழந்தையாட்டம் அழுதான். அப்புறம் மூக்காலே ஒரு மூச்சு இழுத்து விட்டான், ரெண்டு மூச்சு, மூணு மூச்சு.

தொட்டி நிறைய மனுஷங்க, சொட்டச் சொட்ட நனைஞ்சு எழுந்தாங்க. நடுவிலே சடையன். தட்டுத்தடுமாறி வந்து அவ கையைப் பிடிச்சான்.

"சிலம்பு, உன் கஷாயத்திலே ஒரு குறையும் இல்லை. சட்டி ஆறிப்போனது எனக்குத் தெரியும். சொல்லப் பயந்து நின்னுட்டேன்."

ஒரு வருஷத்துப் பாரம் இறங்குச்சு. அவனைத் திட்டணும்னுதான் வாயைத் திறந்தா. அதுக்குள்ளே அவன் தோள்லேயே தூங்கிட்டா. வெயிலடிச்ச மலைப்பாதையிலே அவளைச் சுமந்துக்கிட்டு இறங்கினான் சடையன். மந்திரவாதி கொடுத்த பொன்மூட்டையைக் குரங்கு தூக்கிட்டு வந்துச்சு.

யாரும் அவ கதவைத் தட்டக்கூடாதுன்னு ராஜா தண்டோரா போட்டார். ஏழு நாள் தூங்கினா. அந்த ஏழு நாளும் சடையன் வாசப்படியிலே உட்கார்ந்து, வந்தவங்களுக்கெல்லாம் சுக்கையும் மிளகையும் கையிலே கொடுத்து, நீங்களே போட்டுக்கோங்கன்னு அனுப்பினான்.

ஊருக்கு வெயில் வந்துச்சு, அவளுக்குத் தூக்கம் வந்துச்சு. கதை கேட்டவங்களும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுங்க.