முழுச் சாவி

டாக்டர் கமர்நிஷா பல் மருத்துவர். திருச்சி தென்னூரில் கிளினிக். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாருக்கும் பல் பிடுங்குவதில்லை, பழைய கைக்கடிகாரங்களைத்தான் பிரிப்பார்கள். அவரிடம் அந்த வித்தையைக் கற்க வருகிறவர்களில் சகாயராஜ் ஒருவர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், டாக்டரைவிட வயதில் ரொம்பவே பெரியவர். ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்.

அன்று சட்டைப் பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்து வைத்தார்.

"எங்க அப்பாவோடது டாக்டர்."

"என்ன கடிகாரம்னு கண்டுபிடிச்சீங்களா?"

கண்டுபிடித்திருந்தார். பின்மூடியைத் திறந்து, சக்கரத்துக்கு அடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்திருந்தார். சுவிட்சர்லாந்தில் செய்த தேயாமலிருக்க உள்ளே பதினேழு கல் பதித்த இயந்திரம், டயல் அசல், முள் மட்டும் பிற்பாடு மாற்றியது என்று மளமளவென்று ஒப்பித்தார்.

"நல்லாப் பார்த்திருக்கீங்க. ஏன் நின்னுச்சு?"

"என் தங்கச்சி சாவியை அளவுக்கு மேல முறுக்கிட்டா."

"அதை உள்ள எங்க பார்த்தீங்க?"

சகாயராஜுக்குக் கேள்வியே புரியவில்லை. இதை உள்ளே வேறு பார்க்க வேண்டுமா? ஊருக்கே தெரிந்த விஷயம். டாக்டருக்குத் தெரியாதே என்று எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம் பிலோமினா கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோனது. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் இவர் வாய்க்கு வந்தபடி பேசினார். அன்று போனவள்தான். பக்கத்தில் லால்குடியில் இருந்துகொண்டு இன்றுவரை அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கெடுத்தவளே வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இவரும் இருந்துவிட்டார்.

"பிரிச்சுப் பாருங்க," என்றார் டாக்டர்.

சகாயராஜ் முறுக்கை மெல்ல இறக்கிவிட்டு ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். அறுந்திருக்கும் என்றுதான் நினைத்தார். அது முழுசாக இருந்தது. சக்கரங்களின் அச்சுகளில்தான் பழைய எண்ணெய் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது.

"ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்கு?"

டாக்டர் எண்ணெய்ப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கழுவித் துடைத்து, எண்ணெய் இட்டு, திரும்பப் பூட்ட மதியமாகிவிட்டது.

"சாவி கொடுங்க சார்."

கொடுத்தார். பாதியில் பயந்து நிறுத்தினார்.

"இன்னும்."

"வேண்டாம் டாக்டர்."

"அது போதும்னு சொல்ற வரைக்கும் கொடுங்க."

சாவித் திருகு தானாகவே ஓரிடத்தில் நின்றது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சகாயராஜ் குழம்பிப்போய் அதையே பார்த்தார். "முழுசா முறுக்கினா கெட்டுப்போகாதா?"

"முழுசா முறுக்கத்தானே செஞ்சிருக்காங்க?"

"அப்ப எனக்கு ஒண்ணும் விளங்கலை. அவ தொட்ட பிறகுதானே நின்னுச்சு?"

"அதுக்கு முன்னாடி யார் தொட்டா?"

யோசித்தார். அப்பா கட்டிலோடு கிடந்த மாதமெல்லாம் கடிகாரம் பீரோவுக்குள் நின்றுபோய்த்தான் கிடந்தது. சுத்தம் செய்யக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டதும், பார்க்கலாம் என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"யாரும் தொடல," என்றார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருஷக் கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"இப்ப நான் என்ன பண்றது டாக்டர்?"

"லால்குடிக்குப் போயிட்டு வாங்க. சாவி தீர்றதுக்குள்ள."

"தீர்ந்தா என்ன? மறுபடி சாவி கொடுத்துக்கலாமே?"

டாக்டர் கடிகாரத்தைத் துடைத்து அவர் கையில் வைத்தார்.

"அதைத்தான் சார் உங்க தங்கச்சியும் செஞ்சாங்க."