முதுகில் வராத தூக்கம்

"முப்பத்தொரு வருஷமாக் குடம் சுமக்கறனுங்க, சாமி. இந்த வருஷம் முதுகு என்னைக் கைவிட்டுரும் போலிருக்குது" என்றார் செங்கோடன்.

மண்டபத்துச் சாமி பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்.

குருவிமலை அடிவாரத்தில், முதல் படிக்கு இடப்பக்கம், நான்கு கால் மண்டபம் ஒன்று உண்டு. சாமி இருப்பது அங்கேதான். வயது நாற்பத்திரண்டு. செங்கோடனுக்கு ஐம்பத்தெட்டு. தன்னைவிடப் பதினாறு வயது சின்னவர் முன்னால் கைகட்டி நிற்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வைத்தியர்கள் நான்கு பேரைப் பார்த்தாகிவிட்டது.

"எங்கே வலிக்குது?"

"இடுப்புக்கு மேலே நாலு விரல் தள்ளி. உத்திரத்துக்கு இன்னும் எட்டு நாள்தானுங்க இருக்குது."

அந்த மலையில் ஒரு முறை இருந்தது.

பங்குனி உத்திரத்தன்று ஆற்றிலிருந்து திருமஞ்சனக் குடத்தை ஒருவர் தலையில் வைத்து மலையேற வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு படி. குடத்துக்கு மூடி கிடையாது. விளிம்பு வரை தண்ணீர். பின்னால் சொட்டுக்காரர் ஒருவர் குனிந்தபடியே ஏறுவார். படியில் ஈரம் கண்டால் "நில்லுங்க" என்பார். மிச்சத் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போக வேண்டும்.

போன வருஷம் செங்கோடன் முந்நூற்று எண்பத்தெட்டாம் படியில் ஒரு தரம் நின்றார். ஐந்நூற்று நாற்பத்தொன்றாம் படியில் இன்னொரு தரம். மூன்றாவது குடம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். முருகன் அதுவரை நீராடாமல் காத்திருந்தார்.

இந்த வருஷம் ஒரு சொட்டு விழுந்தாலும் குடம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஊர் கூடிப் பேசி முடித்துவிட்டது.

"வலிக்கு என்ன பண்ணியிருக்கீங்க?" என்றார் சாமி.

செங்கோடன் வெட்கத்தோடு சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகுத்தண்டுக்கு இரு பக்கமும் இரண்டு மூங்கில் பிளாச்சுகள். அவற்றின் மேல், அக்குள் தொடங்கி இடுப்பு வரை, பதினாறு முழத் துணி. எட்டுச் சுற்று.

"அசையாம இருந்தா வலிக்காது. அசையாம இருந்தா சிந்தாது. அதுக்குத்தானுங்க."

"வலிக்கலீங்களா?"

"வலிக்குதுங்க."

"சிந்தலீங்களா?"

செங்கோடன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

சாமி கையைத் தட்டிப் பொரித்தூளை உதறினார். "விடிஞ்சதும் வாங்க. என்னை ஆத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. எட்டு நாளும்."

சாமியின் கால்கள் இரண்டும் பிறவியிலேயே சூம்பியவை. ஒரு நாளும் தரையில் ஊன்றியதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் அந்த நேரத்தில் செங்கோடனுக்கு மனம் சுருக்கென்றது. நடக்கவே தெரியாதவரிடமா நடையைப் பற்றிக் கேட்க வந்தோம்?

"முதுகுவலிக்காரனைப் போய்த் தூக்கச் சொல்றீங்களே!"

தூணுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சாமியின் அக்கா நாச்சாத்தாள் எட்டிப் பார்த்தாள். தினமும் அவரைத் தூக்கிப் போகிறவள் அவள்தான்.

"பயப்படாதீங்கண்ணா. தம்பி அரை மூட்டைகூட இல்லை. வாய் மட்டுந்தான் ஒரு மூட்டை."

*

முதல் நாள் காலை சாமியை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு செங்கோடன் நடந்தார். துணிக்கட்டை அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு அடியையும் எண்ணினார். ஒவ்வொரு அடியிலும் வலித்தது.

ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு, "எண்ணூத்தி நாப்பது அடிங்க" என்றார்.

"அப்படீங்களா? எனக்குத் தூக்கம் வரலை."

"தூக்கமா?"

"அக்கா முதுகுல நாப்பதாவது அடியிலேயே தூங்கிருவேன்."

"எச்சில் ஒழுகி என் தோளெல்லாம் நனைஞ்சுரும்" என்றாள் கூடவே வந்திருந்த நாச்சாத்தாள்.

"நான் கொஞ்சங்கூடக் குலுக்கலையே, சாமி!"

"இல்லீங்க. குலுக்கவே இல்லை. தூண் ஒண்ணு என்னைத் தூக்கிட்டு வந்துச்சு."

*

இரண்டாம் நாள் மெல்ல நடந்தார். சாமி தூங்கவில்லை.

மூன்றாம் நாள் கட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். சாமி தூங்கவில்லை. போதாக்குறைக்கு வழியெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார்.

நான்காம் நாள் ஆற்றங்கரையில் இறக்கியபோது செங்கோடனால் நிமிர முடியவில்லை. முழங்காலில் கையூன்றி அப்படியே நின்றார். கோபம் வந்துவிட்டது.

"நீங்க தூங்கறதுக்கும் என் முதுகுக்கும் என்னங்க சம்பந்தம்? இன்னும் நாலு நாள். நாலே நாள்! இது போச்சுன்னா என்னைக் குடத்துக்காரன்னு யாருங்க கூப்பிடுவாங்க?"

சாமி மடியிலிருந்து சுண்ணாம்புச் சிமிழை எடுத்தார். அக்காவைக் கூப்பிட்டு முன்னால் உட்காரச் சொன்னார். அவள் முதுகில், தோள்பட்டைக்கு நேராகக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். இடுப்புக்கு நேராகச் சேலையில் இன்னொரு கோடு.

"அக்கா, குடத்துல தண்ணி எடுத்துட்டு மண்டபத்துக்குப் போ. அண்ணன் உன் பின்னாடி வருவாரு. என்னை அப்புறமா வந்து தூக்கிக்க."

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண்பிள்ளையின் பின்னால் அவளையே பார்த்துக்கொண்டு எப்படி நடப்பது?

"தாராளமாப் பாருங்கண்ணா. முதுகுதானே" என்று சொல்லிக் குடத்தைத் தலையில் ஏற்றினாள் நாச்சாத்தாள்.

அவள் நடந்தாள். அவர் பார்த்தார்.

அவள் வலது கால் முன்னே போயிற்று. கீழ்க்கோட்டின் வலது முனையும் கூடவே முன்னே போயிற்று. ஆனால் மேல்கோட்டின் வலது முனை பின்னே வந்தது.

இடது கால் போயிற்று. கோடுகள் இரண்டும் மாறித் திரும்பின.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கீழே இந்தப் பக்கம் போனால் மேலே அந்தப் பக்கம். கயிறு திரிக்கிறவனின் இரண்டு கைகள் மாதிரி. ஒரு அடியாவது தப்பும் என்று காத்திருந்தார். நூறு அடி. இருநூறு அடி. தப்பவில்லை. இத்தனை திருப்பத்துக்கும் மேலே, அவள் தலையில், குடம் கருவறைச் சிலைபோல நேராகப் போய்க்கொண்டிருந்தது.

செங்கோடனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அம்மணி, இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"எதைங்கண்ணா?"

"இதைத்தான். மேலே ஒரு பக்கம் போகுது. கீழே ஒரு பக்கம் போகுது."

"அப்படியா போகுது?" நாச்சாத்தாள் நிற்காமலே சிரித்தாள். "எனக்கென்ன தெரியும், முதுகுலயா கண் இருக்குது?"

அன்று செங்கோடன் வீட்டுக்குப் போகவில்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்தார். உத்திரத்துக்குக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. காவடிக்காரர்கள் போனார்கள். கரும்புக்கட்டோடு ஒருவன் போனான். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு போனாள். இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். எல்லார் முதுகிலும் அதே. தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். சண்டை போட்டுக்கொண்டு போன புருஷன் பெண்டாட்டி முதுகிலும் அதேதான். ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் நினைத்துச் செய்யவில்லை. மலையை நோக்கி ஊரே போய்க்கொண்டிருந்தது. அத்தனை பேருக்குள்ளும் யாரோ ஒருவர் விழித்திருந்து அதைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

முதுகுகளை எண்ண ஆரம்பித்தார். முந்நூற்றுப் பதினேழோடு விட்டுவிட்டார். எண்ணத் தொடங்கியதை அவர் பாதியில் விட்டது அதுவே முதல் தடவை.

*

ஐந்தாம் நாள், ஆற்றுக்குப் போகும் வழியில் கேட்டார்.

"நடக்காத உங்களுக்கு இது எப்படிங்க தெரிஞ்சுது?"

"பொறந்ததிலிருந்து முதுகுலதானே கிடக்கறேன்" என்றது காதருகே குரல். "அப்பா, அம்மா, சித்தப்பா, அக்கா, எங்க அக்கா புருஷன். இதுவரைக்கும் பதினேழு பேர். என் நெஞ்சு அவங்க தோள்ல இருக்கும். முழங்கால் அவங்க இடுப்புல இருக்கும். மேலே ஒரு பக்கம் போகும், கீழே ஒரு பக்கம் போகும். நடுவுல நான். தூளியிலே போட்ட மாதிரி. எல்லாரும் நேராத்தான் போறோம்னு நினைச்சுக்குவாங்க. நிஜமாவே நேராப் போறவர் யாராவது இருக்காங்களான்னு ரொம்ப நாளாப் பார்த்துட்டிருந்தேன்."

"இருக்காங்களா?"

"ஒருத்தர் கிடைச்சாருங்க."

"யாரு?"

முதுகிலிருந்து ஒரு கொட்டாவிதான் வந்தது.

*

ஆறாம் நாள் செங்கோடன் மண்டபத்திலேயே துணியை அவிழ்த்தார். ஒன்பது சுற்று. பிளாச்சுகளை எடுத்தபோது முதுகில் அவற்றின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. உடம்பு உளுத்த வீடுபோல எந்த நிமிஷமும் சரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

சரியவில்லை. வலித்தது.

சாமியைத் தூக்கிக்கொண்டார். தோளை வலப்பக்கம் திருப்பினார். இடுப்பை இடப்பக்கம் திருப்பினார். மறுபடி மாற்றினார். எதிரே வந்த பூக்காரி ஒதுங்கி வழிவிட்டாள்.

பின்னால் வந்த நாச்சாத்தாள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா கரகம் ஆடறாரு!"

"இப்போ சரியா வருதுங்களா, சாமி?"

"இல்லீங்க."

"திருப்பறேனுங்களே!"

"ஆமாங்க. நீங்க திருப்பறீங்க."

ஏழாம் நாளும் அப்படியே போயிற்று.

*

எட்டாம் நாள், உத்திரம். கிழக்கு வெளுத்திருந்தது. ஆற்றங்கரையில் சொட்டுக்காரர் மாரப்பன் குடத்தைத் தேய்த்து வைத்துக் காத்திருப்பார். செங்கோடன் கடைசியாக ஒரு தடவை சாமியைத் தூக்கினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"இன்னைக்கு எண்ணாதீங்க" என்றார் சாமி. "மொதல் மொதல்ல குடம் தூக்கினதைச் சொல்லுங்க."

அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

"எனக்கு இருபத்தேழு வயசுங்க. எங்களுக்குப் பொண்ணு பொறந்து பதினோரு நாள். அதுக்கு முன்னாடி ரெண்டு தங்கலை. இது தங்கிருச்சு. பேரு வெக்கணும். ஆத்துல குடத்தைத் தூக்கினதும் பேரை நினைக்க ஆரம்பிச்சேனுங்க. படிக்கு ஒரு பேரு. இது நல்லா இருக்குது, வேண்டாம், இது எங்க அத்தை பேரு, அதுவும் வேண்டாம்... அவ விரல் ஒவ்வொண்ணும் இத்துனூண்டு இருக்கும். அந்த விரலுக்குப் பொருந்தற பேரா வேணும்னு தேடினேன். திடீர்னு பார்த்தா எதிர்ல கோபுரம். நான் மலை ஏறினதே எனக்குத் தெரியலீங்க. குடத்தை இறக்கி வெச்சாங்க. தண்ணி வெச்ச மட்டத்துலயே இருந்துச்சு."

காலடியில் மணல் மாறியது. ஆற்றுக் காற்று முகத்தில் பட்டது.

"கடைசியில என்ன பேரு வெச்சேன்னு கேக்க மாட்டீங்களா, சாமி?"

பதில் இல்லை.

"சாமி?"

அவருடைய இடது தோளில் வெதுவெதுப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

செங்கோடன் நின்றார். பின்னால் வந்த நாச்சாத்தாள் ஓடி வந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

எத்தனை அடி நடந்தோம் என்று செங்கோடன் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. இடுப்புக்கு மேலே நாலு விரல் தள்ளிக் கை வைத்துப் பார்த்தார். அங்கே அவர் முதுகுதான் இருந்தது.

சாமியை அவள் முதுகுக்கு மாற்றினார். அப்போதும் அவர் விழிக்கவில்லை.

"பிளாச்சை மண்டபத்துலயே வெச்சுட்டு வந்துட்டீங்களே" என்றாள் அவள் மெல்ல.

"அடுப்புக்கு வெச்சுக்க, அம்மணி."

ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டார். குடத்தை விளிம்பு வரை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டார். மாரப்பன் பின்னால் குனிந்தார்.

*

மேலே கொட்டு முழங்கியது. அர்ச்சகர் குடத்தை இறக்கி வாங்கினார். விளிம்போடு விளிம்பாகத் தண்ணீர், அதில் கோபுரம் அசையாமல் நின்றது.

கூட்டம் முழுவதும் மாரப்பனைப் பார்த்தது. அவர் கடைசிப் படியையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சு கிடக்குதுங்க" என்றார். "அத்தனையும்."

அரோகரா என்று மலை அதிர்ந்தது.

மாரப்பன் நிமிரப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்த நிலையிலேயே முனகினார்.

"யப்பா... குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. உங்களுக்கு வலியே போயிருச்சுங்களா? எந்த வைத்தியர் பார்த்தாரு? கொஞ்சம் சொல்லுங்களேன், புண்ணியமாப் போகும்."

செங்கோடன் கீழே பார்த்தார். அடிவாரத்து மண்டபம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

"அங்கே ஒருத்தர் இருக்காருங்க" என்றார். "போய் அவரைத் தூங்க வைங்க."