சிவப்புச் செல்

"எட்டு செல்லும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு மேடம். எது குட்டியாகப் போகுதுன்னு கண்டுபிடிக்கவே முடியலை."

மாணவர் தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. கால்நடை மருத்துவர் வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பதினோரு வயது இளையவரான பேராசிரியை ஃபௌசியாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர்.

எலியின் கரு ஒரு கட்டத்தில் எட்டே செல்களாக இருக்கிறது. அவை பெருகப் பெருக, சில குட்டியாகின்றன. மற்றவை குட்டிக்கு உணவு தரும் நஞ்சுக்கொடியாகின்றன.

குட்டியாகும் செல்லில் முதலிலேயே ஓர் அடையாளம் இருக்கும் என்று தணிகாசலம் நம்பினார். இரண்டு வருடம் தேடினார். பருமனை அளந்தார். சாயம் ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆய்வுக் காலம் முடிய இன்னும் நான்கே மாதம்.

"விட்டுடறீங்களா சார்?" என்றார் ஃபௌசியா.

"மாட்டேன்."

"சரி. ஒரு செல்லைத் தனியாப் பிரிச்சு, சிவப்புச் சாயம் ஏத்துங்க. வேற கருவோட வெளிப்பக்கம் ஒட்டி வைங்க."

ஒட்டினார். இரண்டு நாளில் சிவப்பெல்லாம் நஞ்சுக்கொடிப் பக்கம் சேர்ந்திருந்தது.

இருபது கருக்களில் செய்தார். பதினெட்டில் அப்படியேதான்.

தணிகாசலம் ஓட்டமும் நடையுமாக வந்தார். "மேடம், இதுங்க பிறவியிலேயே நஞ்சுக்கொடி! அடையாளம் உள்ளேதான் எங்கேயோ இருக்கு."

"இன்னும் இருபது எடுங்க. இந்தத் தடவை வெளியே ஒட்டாதீங்க. சுத்திலும் மத்த செல்களை வெச்சு மூடிடுங்க."

"எதுக்கு மேடம்?"

ஃபௌசியா கண்ணாடி ஊசியை அவர் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் தணிகாசலம் நுண்ணோக்கியில் கண் பதித்தார். சிவப்பு உள்ளே இருந்தது, குட்டி உருவாகும் இடத்தில். அடுத்ததைப் பார்த்தார். அதிலும் உள்ளேதான். பதினேழாவது கரு வரை எல்லாவற்றிலும் அப்படியே. அதோடு நிறுத்திக்கொண்டார்.

"இல்லாத ஒண்ணையா ரெண்டு வருஷமாத் தேடினேன்?"

ஃபௌசியா புதிதாக வந்த கருக்கள் இருந்த தட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

தணிகாசலம் எழுந்து போனார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அளவுகோலைத் தேடவில்லை. செல்களைப் பிரித்தார். ஊசி முனைக்கு முதலில் வந்ததை எடுத்து வைத்தார். அதைச் சுற்றி ஒவ்வொன்றாக மற்றவற்றை அடுக்கத் தொடங்கினார்.

"இது குட்டியாகும் மேடம்."

"இதுல என்ன அடையாளம் பார்த்தீங்க?"

தணிகாசலம் நிமிரவில்லை. அடுத்த செல்லை எடுத்தார்.

"ஒண்ணும் பார்க்கலை. நடுவுல வெச்சேன்."