பூசணிக்காயிடம் சொன்ன சேதி

முன்னொரு காலத்தில், ஏரிகளை நம்பிப் பிழைத்த ஒரு நாட்டை மகரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் அவர் நரைத்த மீசைக்கு மை பூசிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் அந்தச் சேதி சந்தை வரைக்கும் போய்விட்டது. அந்தக் கோபத்தில் ஒரு கட்டளை பிறந்தது. இனி எந்த இலாகாவின் அதிகாரியும் தன் சேதியை இன்னொரு இலாகாவின் அதிகாரியிடம் சொல்லக் கூடாது. எதுவானாலும் பிரதானி மார்த்தாண்டரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். மீறினால் நாடு கடத்தல்.

மார்த்தாண்டருக்கு வேறென்ன வேண்டும்? நாட்டில் எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்றாயிற்று. மற்ற அதிகாரிகளுக்கும் அது பழகிவிட்டது. யார் என்ன கேட்டாலும் "கட்டளை" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடலாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைக்குக் கீழே இருந்த மருதங்குடியிலிருந்து பேச்சியம்மாள் என்பவள் ஊராரைத் திரட்டிக்கொண்டு அரண்மனைக்கு வந்தாள்.

"கரை கசியுது ராசா. இன்னொரு மழை பேஞ்சா எங்க ஊரு இருக்காது. ஏரி அதிகாரியக் கேட்டா, கட்டளைன்னு வாயப் பொத்திக்கிறாரு" என்றாள்.

ராஜா தம் விகடகவி கொழுந்தப்பனைத் திரும்பிப் பார்த்தார். அவன்மேல் ராஜாவுக்கு இருந்த பிரியம் வெகுநாளாக மார்த்தாண்டரின் கண்ணை உறுத்திவந்தது. அவர் முந்திக்கொண்டார். கரையை அடைக்கும் பொறுப்பைக் கொழுந்தப்பனிடமே விடலாம், ஆனால் அதிகாரிகள் ஒருவரோடொருவர் இதைப் பற்றிப் பேசிவிட்டால் அவனையே நாடு கடத்த வேண்டும் என்று மிகப் பணிவாகச் சொன்னார். தம் கட்டளையைத் தாமே தளர்த்த மனமில்லாத ராஜா தலையசைத்தார்.

மறுநாள் காலையில் கொழுந்தப்பன் ஏரி அதிகாரியையும் வன அதிகாரியையும் தளபதியையும் ஏரிக்கரைக்கு வரவழைத்தான். அங்கே ஒரு மணையில் பெரிய பூசணிக்காய் ஒன்று வீற்றிருந்தது. ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம், பேசவும் வேண்டாம், அவரவர் சேதியை இந்தப் பூசணிக்காயிடம் சொன்னால் போதும் என்றான்.

ஏரி அதிகாரி தொண்டையைச் செருமினார். "பூசணிக்காயே, தெற்கு மதகை ஒட்டிக் கரை விரிசல் விட்டிருக்கிறது. முட்டுக்கொடுக்க என்னிடம் ஒரு கழிகூட இல்லை."

வன அதிகாரியால் சும்மா இருக்க முடியவில்லை. "பூசணிக்காயே, என் கொட்டகையில் மூங்கில் மழையில் நனைந்து மக்குகிறது. தூக்கிவர ஆள்தான் இல்லை."

தளபதி வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துக்கொண்டு, தம் வீரர்கள் பாசறையில் தாயம் ஆடிக்கொண்டிருப்பதாகப் பூசணிக்காயிடம் தெரிவித்தார்.

அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாலைக்குள் மூங்கில் வந்தது, வீரர்கள் வந்தார்கள், மருதங்குடியார் மண் சுமந்தார்கள். அன்றிரவு கொட்டிய மழையில் ஏரி தளும்பியது. கரை நின்றது. ஊரும் பிழைத்தது.

மார்த்தாண்டர் சபையில் முறையிட்டார். மூன்று அதிகாரிகளும் ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அது உண்மைதானே!

"அப்படியானால் அரசாங்க ரகசியத்தைப் பூசணிக்காயிடம் சொன்னது குற்றமில்லையா, மகாராஜா?" என்றார் மார்த்தாண்டர்.

"பூசணிக்காய் எந்த இலாகாவின் அதிகாரி என்று பிரதானியார் சொன்னால் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், பிரபு" என்று கொழுந்தப்பன் கைகூப்பினான். கையோடு கொண்டுவந்திருந்த பூசணிக்காயைச் சபை நடுவில் வைத்தான்.

அதைக் கண்டதும் ஏரி அதிகாரிக்குப் புதுத் தைரியம் வந்தது. அதன் முன்னால் போய் நின்றார்.

"பூசணிக்காயே, கரை விரிசல் விட்ட சேதியை ஆவணியிலேயே பிரதானியாரிடம் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றார்."

மார்த்தாண்டர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். ராஜா அவரைப் பார்த்தார், பூசணிக்காயைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்தக் கட்டளையை அங்கேயே ரத்து செய்தார். அன்றுமுதல் எல்லா இலாகாக்களின் சேதிகளையும் தினமும் சந்தையில் நின்று உரக்கச் சொல்லும் வேலை மார்த்தாண்டருக்குக் கிடைத்தது.

கொழுந்தப்பனுக்கு ஏரிப் பாசனத்தில் நல்ல நஞ்சை நிலம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார் ராஜா. அதை அளந்து, எல்லை நட்டு, வாய்க்கால் விட நான்கு இலாகாக்கள் கலந்து பேச வேண்டியிருந்தது. பேசினார்கள். பொழுது சாய்வதற்குள் நிலம் அவன் கைக்கு வந்துவிட்டது. அந்த நாட்டில் அப்படி ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை.