உடும்பைக் கொடுத்து மானை வாங்கிய பன்றி

தாமரைக்குளத்தின் கீழ்க்கரையில் வீரணன் என்ற காட்டுப்பன்றி இருந்தது. கீழ்க்கரை விலங்குகளின் கபடி அணிக்கு அதுதான் தலைவன். கொஞ்ச நாளாக அதற்குக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. கண்ணை மூடினால் தூக்கமும் வரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கீழ்க்கரைக்கும் மேல்கரைக்கும் கபடிப் போட்டி நடக்கும். வென்ற கரை விலங்குகள் கோடையில் விடிந்ததுமே குளத்தில் இறங்கித் தெளிந்த நீரைக் குடிக்கலாம். தோற்ற கரை விலங்குகள் வெயில் ஏறியபின் வந்து, கலங்கிக் கிடக்கும் சேற்றைத்தான் குடிக்க வேண்டும். கீழ்க்கரை தோற்றுக்கொண்டே இருந்தது. போன கோடையில் சேற்றுநீர் குடித்த வீரணனின் கடைக்குட்டி, வயிறு கெட்டுச் சுருண்டு விழுந்தது. அது பிழைத்ததே பெரும்பாடு.

"இந்த முறையும் தோற்றால் என் குட்டிகளின் கதி என்ன?" என்று வீரணன் புலம்பியது.

அப்போது மேல்கரை அணியின் தலைவனான சூரப்பன் என்ற செந்நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மழை நிற்கும்வரை இரண்டு அணிகளும் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்தக் காட்டின் வழக்கம்.

"வீரணா, எங்கள் புள்ளிமானை உனக்குத் தருகிறேன். எதிரணிக்குள் 'கபடி, கபடி' என்று பாடிப்போவதில் அவனுக்கு ஈடு உண்டா?"

வீரணனுக்கு நம்ப முடியவில்லை. "பதிலுக்கு என்ன வேண்டும்?"

"உங்கள் உடும்பு போதும்!"

உடும்பின் பெயர் இருளாண்டி. மெல்ல நடக்கும். ஆனால் ஒரு காலைக் கவ்விவிட்டால் விடாது. மரத்திலிருந்து இதைக் கேட்ட காத்தாயி என்ற மந்தி சட்டென்று கீழே குதித்தது. அதுவும் கீழ்க்கரை அணியில் ஆடுவதுதான்.

"வேண்டாம் அண்ணே! உடும்புப் பிடியைக் கொடுத்துவிட்டு என்ன செய்வாய்?"

"என்ன பெரிய பிடி! போன ஆட்டத்தில் அவன் பிடித்த ஆள் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். அதனால்தான் தோற்றோம்!"

"அவன் பிடியை விடவில்லையே அண்ணே! நாம்தான் ஓடிப்போய்க் கைகொடுக்காமல் வேடிக்கை பார்த்தோம். நீயும்தான்!"

வீரணன் அதைக் காதில் வாங்கவில்லை. பயந்த மனதுக்குப் புதிய ஆள் மட்டுமே மருந்தாகத் தெரிந்தது. "சரி, கொடுத்தேன்!" என்றது.

இருளாண்டி சண்டை போடவில்லை. "போய் வருகிறேன் அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளத்தைச் சுற்றி மெல்ல நடந்துபோனது.

புள்ளிமான் வந்தது. காற்றாய்ப் பறந்தது. கீழ்க்கரையே ஆர்ப்பரித்தது. அன்று வீரணன் வயிறாரக் கிழங்கு தின்றது. ஆனால் மறுநாளே மறுபடியும் கலக்கம் பிடித்துக்கொண்டது.

"ஒரு மான் போதுமா? அவன் கால் சுளுக்கிக்கொண்டால்?"

உடனே சூரப்பனிடம் ஓடியது. முள்ளம்பன்றியைக் கொடுத்து முயலை வாங்கியது. அப்போதும் மனம் ஆறவில்லை. கரடியைக் கொடுத்துக் காட்டுச்சேவலை வாங்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு முன்னைவிடப் பெரிய பயம். சூரப்பனோ ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தலையாட்டியது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் தூறலில் பயிற்சி நடந்தது. காத்தாயி எதிரணி ஆள்போலக் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு வந்தது. மானைத் தொட்டது. முயலைத் தொட்டது. சேவலின் வாலையும் இழுத்துவிட்டுத் திரும்பிப் போனது. பிடிக்க ஒருவரும் இல்லை!

"ஏன் பிடிக்கவில்லை?" என்று வீரணன் கத்தியது.

"பிடிப்பதா? நான் பாடிப்போகிறவன்! என் கால் என்னாவது?" என்றது மான்.

"நானும் அப்படித்தான்!" என்றது முயல்.

"என் இறகு கசங்கிவிடும்!" என்றது சேவல்.

வீரணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அணி முழுக்க ஓடுகிறவர்கள். நின்று பிடிக்க ஆளில்லை. "இருளாண்டியைத் திரும்ப வாங்கிவிடுகிறேன்!" என்று அலறியபடி மேல்கரைக்கு ஓடியது. ஓடும்போதே வானத்தைப் பார்த்தது. தூறல் மெலிந்துகொண்டிருந்தது. "நிற்காதே மழையே, நிற்காதே!" என்று கெஞ்சியது. பாதி வழியில் மேகம் விலகியது. வெயில் அடித்தது. காட்டில் எல்லோரும் மகிழ்ந்த அந்த வெயிலைக் கண்டு வீரணன் மட்டும் உடைந்துபோனது.

மேல்கரையில் நடுவரான கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. "மழை நின்றது! இனி மாற்றம் இல்லை!" என்றது.

"ஐயா, ஒரே ஒரு ஆள்!"

"வழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான்!"

போட்டி நாள் வந்தது. மான் பாடிப்போய்ப் புள்ளிகளை அள்ளியது. ஆனால் மேல்கரையார் பாடி வந்தபோதெல்லாம், பிடிக்க ஆளில்லாமல் கீழ்க்கரை அந்தப் புள்ளிகளைத் திரும்ப வாரிக்கொடுத்தது. ஆட்டம் முடியும் நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாக நின்றன. கடைசிப் பாட்டுக்கு வீரணனே போனது. மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டியது. கரடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது பின்னங்கால் நகரவில்லை. குனிந்து பார்த்தது. இருளாண்டி!

வீரணன் முழுப் பலத்தோடு இழுத்தது. உடும்பும் கூடவே இழுபட்டது. கோடு எட்டும் தூரம்தான். அந்த நேரத்தில் முள்ளம்பன்றி ஓடிவந்தது. கரடி பாய்ந்தது. சூரப்பனும் மற்றவர்களும் மேலே விழுந்தார்கள். வீரணனின் பாட்டு பாதியில் அறுந்தது. மேல்கரை வென்றது.

எல்லோரும் விலகிய பிறகு இருளாண்டி மட்டும் அருகில் வந்தது. "அடி பலமா அண்ணே?"

வீரணனுக்குக் கண் கலங்கியது. "அடி ஒன்றுமில்லையடா. உன் பிடியில் குறையே இல்லை. ஓடிவராத குறை எங்களுடையது. உன்னை அனுப்பியது என் தப்பு!"

கோடை வந்தது. குளம் கலங்கியது. வீரணன் தன் அணியைக் கூப்பிட்டு வறண்ட ஓடைக்குப் போனது. மூக்கால் மணலைக் கிளறியது. தனியாகத் தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழி மூடிக்கொண்டது. அதைப் பார்த்த மான் குளம்பால் மணலைத் தள்ளியது. முயல் பறித்தது. காத்தாயி வாரி எறிந்தது. இறகு கசங்கும் என்ற சேவலும் இறங்கிச் சீய்த்தது. மாலைக்குள் ஊற்றுக்கண் திறந்தது. கடைக்குட்டி முதலில் குடித்தது.

அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் சூரப்பன் மறுபடி வந்தது. "வீரணா, கரடியைத் தருகிறேன். மானைக் கொடு!"

வீரணனுக்கு உள்ளுக்குள் பயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் நிமிர்ந்து சொன்னது: "இல்லை சூரப்பா. ஒருவன் பிடித்தால் எல்லோரும் ஓடிவர இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஆட்கள் எங்களோடே இருக்கட்டும்!"

தோழனுக்குத் தோள் கொடுக்காதவன், பயத்தில் எத்தனை பேரை மாற்றினாலும் வெற்றி காணமாட்டான்.