செண்பகத்தை ஒரே மூச்சில் பார்த்த கதை

அரைக்கால்பட்டியில் புத்திசாலியே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. பூங்கொடி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிறவள் சும்மா போகாமல், அப்பா சடையப்பனின் டிவியில் புதுத் தொடர்கள் பார்க்க ஒரு ஆப் போட்டு, எல்லார் போனிலும் அதையே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சடையப்பன், அவர் மனைவி அங்கம்மாள், அங்கம்மாளின் தம்பி திரவியம், எதிர்வீட்டுத் தையல்காரர் இருளாண்டி, நாலு பேரும் உட்கார்ந்து ஒரு தொடரின் முதல் பகுதியைப் பார்த்தார்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகி செண்பகம் மலை உச்சியில் வழுக்கி, ஒரு மரக்கிளையை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினாள். படம் அப்படியே நின்றது. 'அடுத்த பகுதி வெள்ளிக்கிழமை' என்று எழுத்து வந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை.

அங்கம்மாள் விரல்விட்டு எண்ணினாள். ஆறு நாள் அந்தப் பெண் ஒற்றைக் கையில் தொங்க வேண்டும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சடையப்பன் ஒரு மெத்தையைத் தூக்கிவந்து டிவிக்குக் கீழே விரித்தார். பள்ளம் ரொம்ப ஆழம், மெத்தை மட்டும் போதாது என்று இருளாண்டி வீட்டுக்குப் போய் இரண்டு தலையணை கொண்டுவந்தார்.

திரவியம்தான் வழி கண்டுபிடித்தான். "மச்சான், டிவியைத் தலைகீழாத் திருப்பிடுவோம். பள்ளம் மேல போயிடும்."

திருப்பினார்கள். இப்போது செண்பகம் ஒற்றைக் கையை ஊன்றி, காலை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு நின்றாள். இனி விழுந்தாலும் மேலேதான் விழுவாள் என்று அங்கம்மாள் மனம் தேறி, இரண்டு தோசை சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை பூங்கொடி போன் செய்தபோது விஷயம் தெரிந்தது. வாரா வாரம் இப்படிக் கிடந்து தவிக்க வேண்டாம், மொத்தம் ஐந்தே பகுதிதான், எல்லாம் வந்த பிறகு பாருங்கள் என்றாள். "நிதானமா உக்காந்து ஒரே மூச்சில பார்த்துடுங்கப்பா."

ஒரே மூச்சில் பார்ப்பது சாதாரண வேலையா? அதுவரை மூன்று வாரமும் நாலு பேரும் கண்மாயில் முங்கி மூச்சடக்கப் பழகினார்கள்.

ஐந்தாவது பகுதியும் வந்துசேர்ந்தது. டிவியை நிமிர்த்தி வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பகுதியைப் போட்டார்கள். டைட்டில் பாட்டு பாதியில் இருக்கும்போதே இருளாண்டி மெத்தையில் சாய்ந்தார். சடையப்பனின் விழி பிதுங்கியது. திரவியம் மட்டும் தயாரிப்பாளர் பெயர் வரை தாக்குப்பிடித்தான். ஏழு தடவை முயன்றும் கதை ஆரம்பிக்கவே இல்லை.

மூச்சு வந்ததும் கூடிப் பேசினார்கள். தீபாவளிக்குத் துணி குவிந்தால் நாலு தையல்காரர் பங்கு போட்டுத் தைப்பதில்லையா என்று இருளாண்டி கேட்டார். மிச்சம் நாலு பகுதி, ஆளும் நாலு. ஆளுக்கு ஒன்றை ஒரே நேரத்தில் பார்த்தால் அதுவும் ஒரே மூச்சுதான்.

அப்படியே நாலு மூலையில் நாலு பேர், கையில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். முடிந்ததும் நடுவீட்டில் கூடினார்கள்.

வன அதிகாரி ஒருவர் செண்பகத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று சடையப்பன் மகிழ்ச்சியாகச் சொன்னார். அந்தப் பாவிதான் பாலில் விஷம் கலந்தான் என்றாள் அங்கம்மாள். இருளாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் செண்பகத்தின் சவ ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அவளுக்குக் கல்யாணம்," என்றான் திரவியம். "சிரிச்சுக்கிட்டே மாலை மாத்தினா. நான் கண்ணால பார்த்தேன்."

யாரும் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் பார்த்ததால், நாலும் ஒரே நேரத்தில்தான் நடந்திருக்க வேண்டும். அங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நான் இப்ப அழணுமா, சிரிக்கணுமா?"

சடையப்பன் நெடுநேரம் யோசித்து, இரண்டையும் முறையாகச் செய்துவிடுவோம் என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் காலை ஊரே செண்பகத்துக்காகத் தலைமுழுகியது. மத்தியானம் ஊரே கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போட்டு உட்கார்ந்தது. பாயச வாளியோடு வந்த இருளாண்டி தயங்கி நின்றார்.

"அண்ணே, துக்கத்துல பாயசம் ஊத்தலாமா?"

"ஊத்து," என்றார் சடையப்பன். "ஆனா யாரும் இனிக்குதுன்னு சொல்லக் கூடாது."

எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆளுக்கு மூன்று தம்ளர் குடித்தார்கள். திரவியம் மட்டும் ஒவ்வொரு தம்ளர் முடிந்ததும் "கசக்குது" என்று விம்மிவிட்டு, அடுத்ததுக்கு நீட்டினான்.